வாயுள்ள பிள்ளை

பேருந்து நிலையத்தில் அந்தக் குரலைக் கேட்காதவர் கிடையாது. அந்த முகத்தைப் பார்த்தவர்தான் குறைவு. நடைமேடைகளுக்கும் கட்டணக் கழிப்பறைக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஒரு மேசை, ஒரு மைக், காலடியில் சுற்றும் சின்ன மின்விசிறி, அப்புறம் அவர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எப்போது கிளம்பும், எந்தெந்த இடம் வழியாகப் போகும் என்று பொழுது சாயும்வரை சொல்லிக்கொண்டிருப்பதுதான் வேலை. நல்ல கனமான குரல். அதே சமயம் ஒவ்வொரு எழுத்தும் துடைத்து வைத்ததுபோல் தெளிவாக விழும். தூங்கி வழிகிற பயணிகூட அந்தக் குரல் கேட்டால் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவான். ஓட்டுநர்கள் அவரை 'மைக் அண்ணே' என்று கூப்பிட்டார்கள். வீட்டிலும் அவருக்கு மைக்கு என்றுதான் பேர், ஆனால் கேலியாக.

ஏனென்றால் வீட்டில் அவர் வாய் திறந்தால் அதிசயம். அங்கே வாய் முழுவதும் மனைவிக்குச் சொந்தம். அந்த அம்மாள் முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடைகள் தைப்பவள். கைக்கு ஒரு ஊசி, நாக்குக்கு ஒரு ஊசி. மெஷின் நின்றால்தான் நாக்கு ஓடும் என்பதில்லை, இரண்டும் சேர்ந்து ஓடிய நாட்களே அதிகம். எந்தக் காலத்திலோ அவர் ஒரு தடவை நடைமேடையை மாற்றிச் சொல்லிவிட்டார். போட்டிக்குக் கிளம்பிய பள்ளிக்கூடக் கால்பந்துக் குழு ஒன்று பந்தோடும் வாத்தியாரோடும் எதிர்த்திசை ஊரில் போய் இறங்கியது. அந்தக் கதை அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உப்புக்குச் சமம். அது இல்லாமல் ஒரு வேளைச் சோறும் இறங்காது.

"இன்னைக்கு யாரை எந்தத் திக்குக்கு ஏத்தி விட்டீங்க?" என்று அம்மாள் ஆரம்பிப்பாள். செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்த்த ஒரே மகன், வீட்டில் பெரியவன் என்று பேர், தட்டைப் பார்த்துச் சிரிப்பான். அவரும் கூடச் சிரிப்பார். பழகிய செருப்பு மாதிரி, அந்தப் பேச்சு எங்கே கடிக்கும் என்று அவருக்குத் தெரியும். அங்கே தோல் காய்த்துப்போயிருந்தது.

அந்த வீட்டுக்குத்தான் சுண்டு வந்து சேர்ந்தாள். அம்மாளின் தம்பி மகள். தாய் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். தகப்பன் அடுத்த கல்யாணத்தை முடித்துக்கொண்டு, வேலைக்கென்று கடல் தாண்டிப் போகும்போது, "கொஞ்ச நாளைக்குத்தான்க்கா" என்று பிள்ளையை விட்டுப் போனான். அந்தக் கொஞ்ச நாள் எப்போது முடியும் என்று யாரும் கேட்கவில்லை. பத்து வயது. பார்த்தால் ஏழுகூடச் சொல்ல முடியாது. சுண்டுவிரல் மாதிரி இருந்ததால் சுண்டு என்று பேர் ஒட்டிக்கொண்டது.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தைத்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டுவதும் பொத்தான் வைப்பதும் அவள் வேலை. சாப்பாட்டு மேசைக்கு நான்கு நாற்காலிகள் இருந்தன. நான்காவதில் எப்போதும் ஒரு துணிக்கட்டு உட்கார்ந்திருக்கும். அதனால் சுண்டு கதவோரம் ஒரு முக்காலியில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். அத்தை திட்டுவாள், பெரியவன் தலையில் தட்டிவிட்டுப் போவான். மாமா ஒன்றுமே சொல்ல மாட்டார். பிள்ளை வந்த நாளிலிருந்து அவளோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

பல் வலிக்கிறது என்று அவள் முதலில் சொன்னபோது அத்தை மெஷினை நிறுத்தவில்லை.

"பொத்தான் தைக்கச் சொன்னா பல்லு வலிக்கும். பரீட்சைன்னா வயிறு வலிக்கும். அப்பன் புத்தி அப்படியே இருக்கு."

இரண்டாம் தடவை சொன்னபோது, "வாயைத் திற" என்றாள். இருந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தாள். "ஒண்ணையும் காணோம். நடிப்பு."

அதற்கப்புறம் சுண்டு சொல்லவில்லை. ஒரு பக்கமாக மென்றாள். குளிர்ந்த தண்ணீரை வாயில் ஊற்றி, துப்பாமல் வைத்துக்கொண்டு பொத்தான் தைத்தாள். படுத்தால் வலி கூடுகிறது என்று சுவரில் சாய்ந்தே தூங்கினாள். அடுக்களை டப்பாவிலிருந்து ஒரு கிராம்பு எடுத்துக் கடைவாயில் அடக்கிக்கொண்டாள். கிராம்பு குறைகிறது என்று அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஒரு நாள் காலையில் அவளுடைய வலது கன்னம் உப்பியிருந்தது. அதற்கு முந்தின நாள்தான் சீருடை வாங்க வந்த யாரோ ஒரு மிட்டாய்ப் பெட்டி கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதில் ஒன்று குறைந்ததாக அத்தைக்கு ஒரு கணக்கு.

"வாயில என்னடி ஒளிச்சு வெச்சிருக்க?"

சுண்டு இல்லை என்று தலையாட்டினாள். வாயைத் திறக்க அவளால் முடியவில்லை. தாடை பூட்டிக்கொண்டிருந்தது.

"திறங்கறேன்ல!"

அத்தையின் கை விழுந்தது. சரியாக அந்தக் கன்னத்தில்.

பிள்ளை கொடியிலிருந்து விழுகிற துணி மாதிரி மடிந்து உட்கார்ந்தாள். கடைவாயிலிருந்து சீழும் ரத்தமும் கலந்து வழிந்து, மடியில் பொத்தானுக்காகக் காத்திருந்த வெள்ளைச் சட்டையில் சொட்டியது. அத்தை ஓடி வந்தாள். முதலில் சட்டையைப் பிடுங்கினாள்.

"ஐயையோ, இன்னைக்குக் குடுக்க வேண்டியதுடி!"

மாமா வாசலில் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்துவிட்டார். ஆனாலும் அதை அவிழ்த்து மறுபடி கட்டினார். பிறகு நிமிர்ந்து, "நான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"பிடுங்கிப் போட்டுட்டு வாங்க. சனியன் விட்டது" என்றாள் அத்தை, சட்டையைக் குழாயடியில் அலசிக்கொண்டே.

பல் மருத்துவமனை பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு செருப்புக்கடையின் மாடியில் இருந்தது. டாக்டர் சின்ன வயதுப் பெண். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது, அந்தக் கண்ணுக்குப் பொறுமை கிடையாது. எக்ஸ்ரே படத்தை விளக்கில் தூக்கிப் பிடித்தாள்.

"எத்தனை நாளா வலிக்குது?"

சுண்டு மாமாவைப் பார்த்தாள்.

"அவ சொல்லவே இல்ல" என்றார் மாமா.

அது பொய் என்று மூன்று பேருக்குமே தெரிந்தது. டாக்டர் படத்தை மேசையில் போட்டாள். "இவ்வளவு சீழ் ஒரு நாள்ல வராது சார். இது பால் பல் இல்ல. போனா மறுபடி முளைக்காது. வேண்டாம்னா வீக்கம் வடிஞ்சதும் பிடுங்கிடலாம், ஒரே வேலை. காப்பாத்தணும்னா வேர் சிகிச்சை. ரெண்டு மூணு தடவை வரணும். வலிக்கவும் செய்யும். என்ன பண்றது, சொல்லுங்க. வெளியில ஆளுங்க இருக்காங்க."

மாமாவுக்கே இடது கடைவாயில் பல் கிடையாது. வலித்தபோதெல்லாம் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தவர். அந்தப் பக்கம் ஈறு தரையாகக் கிடந்தது. எதையும் வலது பக்கம் ஒதுக்கித்தான் மெல்லுவார். நாக்கு தன்னையறியாமல் அந்த வெற்றிடத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தது.

"காப்பாத்துங்க" என்றார். சொன்னது மைக் குரலில் வந்துவிட்டது. வெளியில் உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

கல்யாணமான நாளிலிருந்து மனைவியைக் கேட்காமல் அவர் எடுத்த முதல் முடிவு அது. வீட்டில் அதற்குண்டான மரியாதை கிடைத்தது.

"சொந்தப் பல்லுக்கே வக்கில்லாத மனுஷன், அடுத்தவன் பிள்ளை பல்லுக்கு வேர் விடப் போறாராம்! பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. இவருக்குப் பல்லு போனப்புறம்தான் சொல்லே வருது!"

மாத்திரை தின்று வீக்கம் வடிந்ததும் ஒரு பிற்பகலில் மாமா அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அவளைக் கூட்டிப்போனார். நாற்காலி பெரியவர்களுக்கானது. சுண்டுவின் கால் அதில் பாதித் தூரம்கூட எட்டவில்லை. தலைக்கு மேல் வட்ட விளக்கு, பக்கத்துத் தட்டில் வரிசையாகக் கொக்கியும் ஊசியும். ஊசி என்றாலே மாமாவுக்கு ஆகாது. வெளியே உட்காரத்தான் பார்த்தார்.

"சார், இங்க வாங்க. கையைப் பிடிச்சுக்குங்க. ஏதாவது பேசிட்டே இருங்க, அவ கவனம் இந்தப் பக்கம் வரக்கூடாது" என்றாள் டாக்டர்.

மாமா முக்காலியில் உட்கார்ந்து அந்தக் கையை வாங்கிக்கொண்டார். பொத்தான் ஊசி குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் சொரசொரப்பாக இருந்தது. மரத்துப்போக ஊசி போட்டார்கள். பல்லைச் சுற்றி வாயில் பச்சை ரப்பர் துணி மாட்டினார்கள். துணிக்கு மேலே இரண்டு கண் மட்டும் அவரையே பார்த்தன. என்ன பேசுவது? பிள்ளைகளிடம் என்ன பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் காதருகே குனிந்து, மெதுவான குரலில் ஆரம்பித்தார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நடைமேடை ஒன்றில் நிற்கும் வண்டி தண்ணீர்த்தொட்டி, பழைய மார்க்கெட், ரயில்வே கேட், மில் வாசல் வழியாகச் செல்லும். பயணிகள் ஏறிக்கொள்ளவும்."

கண்கள் அகன்றன. துளை போடும் கருவி இரைய ஆரம்பித்தது.

"வண்டி புறப்பட்டது. எஞ்சின் பழசு, சத்தம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். தண்ணீர்த்தொட்டி. இறங்குபவர்கள் இறங்கலாம். முன்சீட்டில் ஒரு தாத்தா கோழியை மடியில் வெச்சிருக்கார். கோழிக்கு டிக்கெட் வாங்கலைன்னு கண்டக்டர் சண்டை போடறாரு."

பிடித்திருந்த கை குலுங்கியது. சிரிப்புத்தான். பழைய மார்க்கெட் வரைக்கும் எல்லாம் நன்றாகவே போனது.

"ரெண்டு வேர்ல நரம்பு செத்துப்போச்சு" என்றாள் டாக்டர், யாருக்கும் சொல்லாததுபோல். "ஒண்ணுல மட்டும் உயிர் இருக்கு. அங்க மருந்து சரியா ஏறல. கொஞ்சம் பிடிச்சுக்குங்க."

தலைமுடி மாதிரி மெல்லிய ஒரு கம்பி உள்ளே இறங்கியது. சுண்டுவின் முதுகு நாற்காலியை விட்டு எழும்பியது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு ஒலி வந்தது. மாமா அப்படி ஒன்றை அதற்கு முன் கேட்டதில்லை. அவளுடைய நகம் அவர் உள்ளங்கையில் இறங்கியது.

"ரயில்வே கேட்" என்றார் மாமா. "கேட் மூடியிருக்கு, சுண்டு. வண்டி நிக்குது. ரயில் போகுது பாரு. போயிட்டே இருக்கு. பெட்டி நிறைய. நிலக்கரி, சிமெண்ட், மாடு... இன்னும் கொஞ்சம்தான். கடைசிப் பெட்டி தெரியுது... தெரியுது..."

கடைசிப் பெட்டி வரவில்லை. அவர் குரல் உடைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சினார், மறுபடி ஆரம்பித்தார், மறுபடி உடைந்தது. கண்ணீர் மூக்கு நுனியிலிருந்து பிள்ளையின் கையில் சொட்டியது. உதவிக்கு நின்ற பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரிடம் ஒரு காகிதக் கைக்குட்டை கொடுத்தாள்.

"சார், பெரியவங்க நீங்க அழுதா எப்படி?" என்றாள் டாக்டர்.

"கேட் திறந்தாச்சு" என்றார் மாமா அழுதுகொண்டே. "கேட் திறந்தாச்சு சுண்டு."

அன்றைக்கு அவ்வளவுதான். உள்ளே மருந்து வைத்து மேலே தற்காலிகமாக அடைத்து அனுப்பினாள் டாக்டர். உயிருள்ள வேரை அடுத்த தடவை பார்க்க வேண்டும்.

படியிறங்கும்போது சுண்டுவின் உதடு ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. "மாமா," என்றாள் குழறலாக, "மில் வாசல்ல ஏன் நிக்கல?"

"அது எக்ஸ்பிரஸ்" என்றார் மாமா.

அவள் கோணல் வாயோடு சிரித்தாள். சாலையைத் தாண்டும்போது பிடித்த கையை இரண்டு பேருமே வீட்டுத் தெரு வரைக்கும் விடவில்லை. தெருமுனையில் அவர் நின்றார்.

"சுண்டு, உள்ள நடந்ததை வீட்ல சொல்லிடாத. என்னை ஓட்டியே கொன்னுடுவாங்க."

சுண்டு சரியென்று பலமாகத் தலையாட்டினாள்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது அத்தை கொதித்துக்கொண்டிருந்தாள். பிசிறு வெட்ட ஆளில்லாமல் சீருடைகள் தேங்கிக் கிடந்தன. "மகாராணி பல்லுக்கு வேர் வைக்கப் போயிட்டாங்க. இங்க நான் ஒத்தையா மாரடிக்கிறேன்." பெரியவனுக்கு ரொட்டியைப் போட்டுவிட்டுக் கதவோரம் திரும்பினாள். "அங்க போய் ஊரைக் கூட்டினியா? கத்தினியா?"

சுண்டு மடியிலிருந்த தட்டைப் பார்த்துக் குனிந்தாள்.

"கேக்கறேன்ல? வாயில என்ன இருக்கு?"

அது கன்னத்தில் அடி விழுந்த அந்தக் காலையில் கேட்ட அதே கேள்வி அல்ல, ஆனால் அதே குரல். சுண்டுவின் தோள் தானாகக் காதை நோக்கி உயர்ந்தது.

"நான் அழல" என்றாள். "மாமாதான் அழுதாரு."

பெரியவன் வாயிலிருந்த தண்ணீரைப் பீய்ச்சியடித்தான். "யாரு, அப்பாவா?"

சுண்டு இரண்டு முகத்தையும் பார்த்தாள். இரண்டும் அவளைப் பார்த்துத் திரும்பியிருந்தன. இரண்டிலும் கோபம் இல்லை. அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். எழுந்து நின்றாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றாள்.

அந்தச் சின்னத் தொண்டையிலிருந்து அந்தக் கனம் எப்படி வந்ததோ. நிறுத்தி நிறுத்திச் சொல்வது, 'ற்'றில் ஒரு அழுத்தம், எல்லாம் அச்சு அசலாக இருந்தது. தண்ணீர்த்தொட்டி, பழைய மார்க்கெட். தாத்தா, கோழி. ரயில்வே கேட் வந்ததும் உதட்டைப் பிதுக்கினாள், மூக்கை உறிஞ்சினாள், "கடைசிப் பெட்டி தெரியுது... தெரியுது..." என்று விம்மினாள். டாக்டர் சொன்னதையும் விடவில்லை. "சார், பெரியவங்க நீங்க அழுதா எப்படி?"

அத்தை சிரித்தாள். கழுத்தில் தொங்கிய அளவுநாடாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, என்னால முடியலையே! அந்த மூக்கு உறிஞ்சினதை இன்னொரு தடவை செய்டி!"

சுண்டு செய்தாள். இன்னும் கொஞ்சம் கூட்டியே செய்தாள்.

அத்தை எழுந்து, நான்காவது நாற்காலியில் இருந்த துணிக்கட்டைத் தூக்கித் தரையில் போட்டாள். "வா, இங்க உக்காரு." தன் கிண்ணத்தில் பாலில் ஊறிக்கொண்டிருந்த ரொட்டியைப் பிள்ளையின் முன்னால் நகர்த்தினாள். "மெதுவானதா தின்னச் சொல்லியிருப்பாங்கல்ல? தின்னு. வாயுள்ள பிள்ளை பிழைச்சுக்கும்னு சும்மாவா சொன்னாங்க."

மாமாவும் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். அவருக்கு அந்த இடத்தில் வேறு என்ன செய்வதென்று தெரியாது. சிரித்தபடியே தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

மனைவியின் வார்த்தைகள் அவரை ஒன்றும் செய்ததில்லை. இது வேறு. இது அவர் வார்த்தை. பிறத்தியாருக்கென்று அவர் வாழ்நாளில் மனம் வைத்துச் சொன்ன ஒரே பேச்சு.

அடுத்த நாள் கூண்டில் உட்கார்ந்து மைக்கைத் திறந்து, "பயணிகளின் கனிவான" என்று ஆரம்பித்தார். அவர் காதில் சுண்டுவின் குரல் கேட்டது. நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். குரல் நடுங்கியது, நடுங்குகிறதே என்று நினைத்ததும் இன்னும் நடுங்கியது. வெளியில் யாரோ, "யோவ், முழுசாச் சொல்லுய்யா!" என்று கத்தினார்கள்.

வீட்டிலோ அது தினசரி ஆட்டமாகிவிட்டது. சீருடை வாங்க வருகிறவர்களுக்கு, "எங்க சுண்டு ஒண்ணு செய்வா பாருங்க" என்று அத்தையே எடுத்துக் கொடுப்பாள். பெரியவனின் நண்பர்கள் வந்தால் அவர்களுக்கு ஒரு தடவை. வந்தவர்களில் ஒரு நடத்துநரின் மனைவியும் உண்டு. சீக்கிரமே கூண்டின் ஓட்டை வழியாக ஒரு முகம் குனிந்து, மூக்கை உறிஞ்சிக் காட்டிவிட்டு, "கேட் திறந்தாச்சா அண்ணே?" என்று கேட்டது. சுற்றி நின்ற காக்கிச்சட்டைகள் வெடித்துச் சிரித்தன. ஊருக்கெல்லாம் வழி சொன்ன மனிதருக்கு ஒதுங்க ஓரிடம் இருந்தது. அதுவும் போயிற்று.

அவர் சுண்டுவிடம் ஒன்றும் கேட்கவில்லை. திட்டவில்லை. அவள் வரும் அறையிலிருந்து எழுந்து போய்விடுவார், அவ்வளவுதான். அவள் ஒரு தடவை தேநீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, "மாமா" என்றாள். அவர் தேநீரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அடுத்த தடவை மருத்துவமனைக்குப் போகும்போது சாலையைத் தாண்டுகையில் அவள் கையை நீட்டினாள். மாமா சட்டைப்பையில் எதையோ தேடுகிறவர்போல் இரண்டு கையையும் பைக்குள் விட்டுக்கொண்டார்.

நாற்காலியில் ஏறிப் படுத்தாள். ஊசி போட்டார்கள். ரப்பர் துணியை மாட்டுவதற்கு முன், அவசரமாக, "மாமா, பஸ் விடுங்க" என்றாள்.

"இன்னைக்கு பஸ் ஸ்டிரைக்" என்றார் மாமா.

உதவிப் பெண் சிரித்தாள். அவள் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டாள். சுண்டு சிரிக்கவில்லை. ரப்பர் துணி வாயை மூடியது.

உயிருள்ள வேர் முரண்டு பிடித்தது. டாக்டர் ஒரு ஊசிக்கு இரண்டாகப் போட்டுப் பார்த்தாள். பிள்ளை தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். "சார், தலையைப் பிடிங்க. அசைஞ்சா உள்ள கம்பி உடைஞ்சிடும்."

மாமா பிடித்தார். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே, பார்சல் கட்டுகிறவன் பெட்டியை அழுத்துவதுபோல அழுத்திப் பிடித்தார். கம்பி இறங்கியது. அந்தப் பழைய ஒலி வந்தது. கண்கள் இரண்டும் மேலே, தலைகீழாக அவர் முகத்தையே பார்த்தன. ஒரு வார்த்தை போதும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தண்ணீர்த்தொட்டி என்று சொன்னாலே போதும். அவர் எதிரே சுவரில் மாட்டியிருந்த பல்லின் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனாமல், ஈறு, வேர் என்று ஒவ்வொன்றாக வாசித்தார். அதில் அவருக்கு ஒரு ருசி இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும்.

டாக்டர் நிமிர்ந்தபோது நாற்காலியின் கீழே தரையில் ஈரம் பரவியிருந்தது. சுண்டு பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். அழவில்லை.

"பரவால்லம்மா, துடைச்சுக்கலாம்" என்றாள் உதவிப் பெண், முதல் தடவையாகச் சிரிக்காமல்.

பள்ளிக்கூடப் பையைப் பின்பக்கம் தொங்கவிட்டு ஈரத்தை மறைத்துக்கொண்டு அவள் வீடு வரைக்கும் நடந்தாள். மாமா பின்னால் வந்தார். தெருமுனையில் அவள் திரும்பி நின்றாள். எதையோ கேட்க வந்தாள், அவர் ஒரு நாள் அதே இடத்தில் நின்று கேட்டதைத்தான் கேட்க வந்தாள். மாமா அவளைத் தாண்டிப் போய்விட்டார்.

மேசையில் அத்தை கண்ணடித்தாள். "என்ன, இன்னைக்கு யாரு அழுதா? நம்ம மைக்கா?"

பெரியவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுத் தயாராக உட்கார்ந்தான். சுண்டு ரொட்டியைப் பிய்த்தபடி இருந்தாள். அவளிடம் அன்றைக்குச் செய்துகாட்ட ஒன்றும் இல்லை. மாமா மென்றதை விழுங்கினார்.

"யாரும் அழல" என்றார். "ஆனா டாக்டர் அம்மாதான் பாவம், அவங்க செருப்பு நனைஞ்சுபோச்சு. தண்ணீர்த்தொட்டி நிரம்பி வழிஞ்சிருச்சு."

அவர்களுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் மேசை அதிர்ந்தது. பெரியவன் தட்டைத் தட்டிக்கொண்டு சிரித்தான். அந்த வீட்டில் அவர் சொன்னதற்காக மற்றவர்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை. "அடப்பாவி, மைக்குக்கும் வாய் வந்துருச்சுடா!" என்று அத்தை அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். செல்லமாகத்தான். அவருக்கு உடம்பு சிலிர்த்தது. இன்னும் கொஞ்சம் சொன்னார். பையைப் பின்னால் தொங்கவிட்டு நடந்த நடையைச் சொன்னார். இரண்டாவது தடவை சொல்லச் சொன்னார்கள், சொன்னார்.

சுண்டு சிரித்தாள். முன்னொரு நாள் அவர் சிரித்த மாதிரியே, தட்டைப் பார்த்துக்கொண்டு.

அதைப் பார்த்தபோது மாமா கையிலிருந்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். ஆனால் கதை பாதியில் நின்றது, மேசை காத்திருந்தது, மிச்சத்தைச் சொல்லி முடித்தார்.

பல்லுக்கு மேலே மூடி போடுகிற நாள் வந்தது. மாமா விடுப்புக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டு காலையில் ஷூவை எடுத்தபோது சுண்டு, "வேணாம். நானே போய்க்கிறேன்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அத்தைக்கு அது சௌகரியமாகப் போயிற்று.

பிற்பகலில் மாமா கூண்டிலிருந்து பார்த்தார். பள்ளிக்கூடப் பையோடு அவள் பேருந்து நிலையத்தைக் குறுக்கே கடந்து மருத்துவமனைப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். நின்றிருந்த வண்டிகளின் இடைவெளிகளில் அவள் தலை தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. ஒரு வண்டி பின்னோக்கி வர ஆரம்பித்தது. அதை ஓட்டியவனுக்கு அவள் உயரம் தெரிய வழியில்லை.

மாமாவின் விரல் பொத்தானை அழுத்திவிட்டது.

"பாப்பா, ஓரமா போ! பின்னால வண்டி!"

நிலையம் முழுக்க அந்தக் குரல் எதிரொலித்தது. முன்பிருந்த அதே குரல், நடுக்கம் எதுவும் இல்லாமல். பையோடு நடந்த பிள்ளைகள் எல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கினார்கள். ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினான். சுண்டு நின்றாள். தலைக்கு மேலே கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தாள். கூண்டு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கம் திரும்பவில்லை. வண்டி நின்றதும் மிச்சத் தூரத்தைக் கடந்து, செருப்புக்கடைப் படியில் ஏறிப் போய்விட்டாள்.

மாமா மைக்கை அணைக்க மறந்துபோனார். அவர் மூச்சுவிடும் சத்தம் கொஞ்ச நேரம் நிலையம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ வந்து கண்ணாடியைத் தட்டிய பிறகுதான் அணைத்தார்.

பல் பிழைத்துவிட்டது. சாயங்காலம் அத்தை டார்ச் அடித்துப் பார்த்து, "பளபளன்னு இருக்கேடி, பாத்திரம் மாதிரி" என்றாள். நான்காவது நாற்காலி சுண்டுவுக்கே நிலைத்தது. அத்தை முதல் ஆளாக அவளுக்குத்தான் பரிமாறினாள். அதற்கு ஈடாக ராத்திரிக்கு ஒரு ஆட்டம் வேண்டும், அதை அவள் தட்டாமல் கொடுத்தாள். ஒரு நாள் எதிர்வீட்டுக்காரியின் நடை, ஒரு நாள் பள்ளிக்கூட வாத்தியாரின் தும்மல். மாமாவை மட்டும் அதற்கப்புறம் அவள் செய்யவே இல்லை. கேட்டாலும், "மறந்துபோச்சு அத்தை" என்றாள். மாமாவும் தண்ணீர்த்தொட்டிக் கதையை மறுபடி சொல்லவில்லை.

அவர்கள் இரண்டு பேரும் அந்த மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், வருஷக்கணக்காகச் சாப்பிட்டார்கள். சுண்டு வறுத்த கடலையைக்கூடப் பிழைத்த அந்தப் பல்லில் போட்டே கடித்தாள்.